கத்தரிக்காயை விசாரித்த மனிதர்

கத்தரிக்காயை நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்த அரசு ஊழியர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார். என் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் இந்த ஒரு கண்டத்தை மட்டும் ஏன் சொல்லாமல் மறைத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் விவசாயிகளே நேரில் வந்து காய்கறி விற்கிற சந்தை ஒன்று நடந்துகொண்டிருந்தது. விளைவித்தவர்தான் விற்கவேண்டும், நடுவில் வியாபாரி தலை காட்டக்கூடாது என்பது சட்டம். அதற்காக ஒவ்வொரு விவசாயிக்கும் போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. அட்டை இருந்தால் கடை, தராசு இரண்டும் இலவசம். அட்டை இல்லையென்றால் வாசலோடு சரி.

நான் அங்கே தராசு எடுத்துக் கொடுக்கிற குமாஸ்தா. விடிகாலை ஐந்து மணிக்குத் தராசுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, கரும்பலகையில் அன்றைய விலையை எழுதவேண்டும். என் சொந்த ஊர் திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்களெல்லாம் எங்கெங்கிருந்தோ மாலையும் கையுமாக எங்கள் பெருமாளைத் தேடி வருவார்கள். அந்தப் பெருமாளுக்கு நாலாவது வீட்டில் பிறந்த எனக்கு முப்பது வயதாகியும் பெண் அமையவில்லை. நாலு மணிக்கு எழுந்து தராசு துடைக்கப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பெருமாளைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். அட்டை கொடுப்பதும், தப்பு செய்தால் அட்டையைப் பிடுங்குவதும் அவர் வேலை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. சந்தையில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. சந்தைக்கு அவர் 'எந்த ஊரு'. கேட் பக்கம் அவர் சைக்கிள் மணி கேட்டதும் கடைக்குக் கடை சேதி போகும்.

"ஏய், எந்த ஊரு வந்துகினு கீறாரு! கூடைய ஒழுங்கா வை!"

ஏன் அந்தப் பெயர் என்றால், அவர் காயைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "எந்த ஊரு?" என்று கேட்பார். விற்கிற ஆளை அல்ல, காயை. பிறகு காம்பை முகர்ந்து பார்ப்பார். நகத்தால் கீறுவார். ஒரு முறை சுரைக்காயைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார், நான் கண்ணால் கண்டேன். அதன் பிறகுதான் விற்கிறவர் பக்கம் திரும்புவார். முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். சேற்றில் நின்ற காலா, செருப்பில் நின்ற காலா என்று ஒரு கணக்கு.

ஒரு நாள் மடிப்புக் கலையாத வேட்டியோடு ஒருவர் வெண்டைக்காய் கொண்டுவந்தார். அட்டை சரியாக இருந்தது. போட்டோவும் அவருடையதுதான்.

"வெண்டைப் பூ இன்னா கலரு?"

"வெள்ளை சார்."

"வெள்ளையா? போய் உன் தோட்டத்த ஒரு தபா நேர்ல பாத்துட்டு வா. அட்டைய இங்க வெச்சுட்டுப் போ."

வெண்டைப் பூ மஞ்சள் என்று எனக்கும் அன்றுதான் தெரியும். நான் தராசைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவருடைய சந்தேகத்துக்கு அடியில் ஒரே ஒரு கொள்கை இருந்தது. செங்கல்பட்டைச் சுற்றி, சைக்கிளில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்துக்குள், இந்த ஊருக்கு வேண்டியதெல்லாம் விளைகிறது. அப்படியிருக்க லாரி எதற்கு?

"லாரி ஏறுன காயில ஏதோ கீதுய்யா," என்பார் என்னிடம், குரலைத் தணித்துக்கொண்டு. "இன்னான்னு இன்னும் கண்டுபுடிக்கல. ஆனா ஏதோ கீது."

ஒரு தடவை ஏதோ பயிற்சிக் கூட்டம் என்று இரண்டு பேரையும் மாமல்லபுரத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானம் கடற்கரை ஓரமாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். அலைச் சத்தம் இலைமேல் விழுகிற தூரம். பரிமாறுகிறவர் வந்து, "வஞ்சரம், வவ்வா, எறா, அல்லாம் கீது சார்," என்றார். எனக்கு நாக்கு ஊறியது. பக்கத்தில் இருந்தவருக்கு வேறு ஊறியது.

"வஞ்சரம் எந்த ஊரு?"

"இன்னா சார்?"

"மீனு எங்கருந்து வருதுன்னு கேக்கறேன்."

"பட்டணத்துலருந்து ஐஸ் பெட்டில வருது சார். இங்க புடிக்கறது அல்லாம் காலைலயே வண்டியேறி அங்க போய்டுது."

எந்த ஊரு சார் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடலைப் பார்த்தார்.

"ஏன்யா, தோ வாசல்ல கீற கடல்ல பொறந்த மீனு, பட்டணம் போய் ஐஸ்ல படுத்துகினு, திரும்பி இங்கயே வருதா? அதுக்கு இன்னா தலையெழுத்து? இதுல ஏதோ கீது."

ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். நான் வஞ்சிரம் சாப்பிட்டேன். அவர் ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஒரு தடவை பார்த்தார். ருசி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் திருடித் தின்கிற மாதிரி சாப்பிடவேண்டியிருந்தது.

ஊரையே சந்தேகப்படுகிறவரை ஊர் சந்தேகப்படாமல் விடுமா? அவர் மத்தியானச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். டிபன் பாக்ஸ் மூடியை நிமிர்த்தி மறைவு கட்டிக்கொள்வார். கதவும் ஒருக்களித்திருக்கும்.

"மண்டிலருந்து பிரியாணி வருது நைனா," என்றான் எங்கள் வாட்ச்மேன். மண்டி என்றால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கமிஷன் கடை. சுற்று வட்டாரத்துக் காய்களை மூட்டையாக வாங்கிப் பட்டணத்துக்கு லாரி ஏற்றுகிற இடம். எங்கள் சந்தை வந்ததிலிருந்து அந்த மண்டிக்காரருக்கு வயிற்றெரிச்சல். அவர் எந்த ஊரு சாருக்கு பிரியாணி அனுப்புவாரா என்று நான் யோசிக்கவே இல்லை. பிரியாணி என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை நின்றுவிட்டது.

மறுநாள் கதவைத் தட்டாமல், கையெழுத்து வாங்குகிற சாக்கில் உள்ளே போனேன். டிபன் பாக்ஸில் சோறு கொஞ்சம், மீதி முழுக்க உருளைக்கிழங்கு வறுவல். மிளகாய்த்தூள் போட்டு மொறுமொறுவென்று, ஒரு ஆளுக்கு அவ்வளவு உருளைக்கிழங்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இது எந்த ஊரு?"

மூடியை மெல்ல மூடினார். கோர்ட்டில் கூண்டிலேறியவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டார்.

"ஊட்டி."

"லாரிலதான சார் வந்திருக்கும்?"

"ரெண்டு லாரி மாறி," என்றார். "சின்ன வயசுப் பழக்கம்யா. வுட முடியல. நானும் எத்தினியோ தபா வுட்டுப் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

சத்தியம் செய்து கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குள் சந்தை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. என்ன செய்வது, தராசு வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது சும்மாவா நிற்பார்கள்? பேச்சு கொடுத்தார்கள், வந்துவிட்டது.

எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தது கன்னியம்மா. வாசலை ஒட்டின முதல் கடை அவளுடையது. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், பாலாற்றங்கரை கிராமம். கத்தரிக்காய், அவரை, கீரை. புருஷன் போனபிறகு இருபது சென்ட் நிலத்தில் தனியாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். இந்த அட்டை கிடைப்பதற்கு முன் அவள் மண்டிக்குத்தான் மூட்டை போட்டாளாம். ஒரு வருடம் மண்டிக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, நாலு மூட்டைக் கத்தரிக்காயை ஏரிக்கரையில் மாடுகளுக்குக் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதனால் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிறு கட்டி, தாலி போன இடத்தில் கழுத்தில் மாட்டியிருப்பாள்.

"நம்ம எந்த ஊரு, ஊட்டிக்காரராமே!" என்று அவள் சொன்னதில் சந்தையே அதிர்ந்தது. எந்த ஊரு சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

பேசாத வாரத்தில்தான் அவர் கன்னியம்மா கடையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் இரண்டு கூடை வரும். இப்போது ஐந்து வந்தது.

"இருவது சென்ட்ல அஞ்சு கூடையா?" என்று கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தார். கோபத்தைவிட சந்தேகம் பெரிது. "அவ இன்னா மந்திரம் போடறாளா? மண்டில வாங்கி நம்மகிட்ட வந்து விக்கறா. கையும் களவுமா புடிச்சு அட்டையப் புடுங்கறேன் பாரு."

கன்னியம்மாவின் கழுத்துக் கயிறு கண்ணில் வந்து நின்றது. ஆனால் வாயைத் திறக்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லை.

அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனா இருக்கும். பச்சை மை கெஜட்டட் அதிகாரிகளுக்கு மட்டும்தான். இவர் கெஜட்டட் இல்லை. அதனால் காகிதத்தில் அதைத் தொடமாட்டார், ஆசைக்கு வைத்திருந்தார். அந்தப் பேனாவோடு சாயங்காலம் மண்டிக்குப் போய், விலை விசாரிக்கிற மாதிரி மூட்டை மூட்டையாகக் கையை விட்டு, கத்தரிக்காய்களின் காம்பு முனையில் ஒவ்வொரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அந்தப் புள்ளி கன்னியம்மா கூடையில் இருந்தால் தீர்ந்தது அவள் கதை.

மறுநாள் காலை அவள் கூடைகளைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொரு காம்பாகப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"இன்னா சார் தேடற? உருளக்கெழங்கா?" என்றாள் கன்னியம்மா.

புள்ளிகள் அதற்கடுத்த நாள் வந்தன, கடைத்தெருவில். பட்டணம் போய், அங்கே மொத்த மார்க்கெட்டில் கைமாறி, வேறு லாரி ஏறி, செங்கல்பட்டுக்கே திரும்பி வந்து, 'பட்டணத்துச் சரக்கு' என்று கடைகளில் குந்தியிருந்தன. எந்த ஊரு சார் ஒரு காயை வாங்கிக்கொண்டு ஓடிவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"பாத்தியா? நம்ம பாலாத்து மண்ணுல பொறந்தது. ரெண்டு நாள் ஊர் சுத்திட்டு வாடிப்போய் வந்து நம்மகிட்டயே பிகு பண்ணுது. ஏதோ கீதுன்னு நான் சொல்லல?"

அவர் சொன்னதை நான் ஒருவன்தான் கேட்டேன். ஊர் வேறொன்றைக் கேட்டது. செங்கல்பட்டு, கோர்ட்டும் ஆபீசுமாக நிறைந்த ஊர். பச்சை மையைப் பார்த்தால் யாருக்கும் தானாக மரியாதை வரும். கத்தரிக்காயில் பச்சை மை இருக்கிறது என்றால், எவரோ பெரிய அதிகாரி பரிசோதித்து அட்டெஸ்ட் பண்ணி அனுப்பியிருக்கிறார் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். இரண்டே நாளில், "அட்டெஸ்டேஷன் ஆன காய் குடுப்பா, புள்ளி இல்லாதது வேணாம்," என்று குடும்பப் பெண்கள் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார்கள். கடைக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பச்சை ஸ்கெட்ச் பேனாவை வாங்கித் தாங்களே புள்ளி வைத்தார்கள். செங்கல்பட்டுக்கு அனுப்புகிற பட்டணத்து வியாபாரிகள் புள்ளியில்லாத மூட்டைகளை வேண்டாம் என்று திருப்ப, அவை மண்டியில் அழுகின. யார் வைத்த புள்ளி என்று மண்டிக்காரர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். தன் மண்டிக்கு மூட்டை போடுவதை நிறுத்தின கன்னியம்மாவையும் சேர்த்து மாட்டிவிட, நேரே மாவட்ட ஆபீசுக்கு ஒரு மனு போட்டார். கன்னியம்மா என்கிற பெண் விவசாயியே அல்ல, வெளிக் காயை விற்கிற புரோக்கர், அதிகாரி அவளுக்கு உடந்தை, அவள் அட்டையை ரத்து செய்யவேண்டும் என்று.

மனு விஷயம் எங்களுக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எந்த ஊரு சார் விசித்திரமாக மாறிப்போனார். தினமும் சந்தை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போவார். பேண்ட்டெல்லாம் சேறாகத் திரும்புவார். ஒரு நீள நோட்டில் ஏதோ எழுதுவார், நான் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவார். இதெல்லாம் போகட்டும். கன்னியம்மா கடைக்கு முன்னால் நின்று ஐந்து கூடையையும் பார்த்துவிட்டு, 'எந்த ஊரு' என்று ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த கடைக்கு நடந்தார்!

"வாங்கிட்டாரு," என்றான் வாட்ச்மேன்.

"யாரு?"

"உங்க சாருதான். அவகிட்ட வாங்கிகினு வாய மூடிக்கினாரு. இது கூடவா புரியல?"

நானும் நம்பினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுரைக்காயைக் காதில் வைத்துக் கேட்ட மனிதர் விலைபோய்விட்டார் என்று, கூடவே இருந்த நான் நம்பினேன்.

ஒரு நாள் காலை, கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மாவட்ட ஆபீசிலிருந்து ஒரு மேடம் இறங்கினார். கையில் மனு. பின்னாலேயே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மண்டிக்காரர்.

மேடம் நேரே முதல் கடைக்குப் போனார். "இதெல்லாம் உங்க நிலத்துல விளைஞ்சதாம்மா?"

கன்னியம்மா பொய் சொல்லவில்லை. "என் வூட்டுது ரெண்டு கூடைம்மா. மீதி எங்க ஊரு ஏரிக்கரைல குந்திகினு கீற பத்து வூட்டுது. கொல்லைல போட்டுகீறாங்க."

"அவங்களே வந்து விக்கலாமே?"

"அவங்களுக்குப் பட்டா கெடையாது. பட்டா இல்லாம அட்டை இல்லன்னு சொல்லிட்டீங்க. செடிக்கு அதெல்லாம் தெரியுதா? அது பாட்டுக்குக் காச்சிகினு கீது. அதான் நான் தூக்கியாறேன்."

மேடம் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. "உங்க அட்டைல உங்க விளைச்சல் மட்டும்தான் விக்கணும்மா. விதி அப்படி. நான் இதை ரத்து பண்ணித்தான் ஆகணும்."

மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். கன்னியம்மா கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இத்த எடுத்துகினா பதினோரு வூட்டுக் காயும் திரும்ப இவரு மண்டிக்குத்தான் போவணும். பட்டணம் போய்ட்டு இங்கயே திரும்பி வரும். நான் சொல்றது பொய்யின்னா, தோ, எந்த ஊருவக் கேளு!"

மேலதிகாரி முன்னால் அந்தப் பெயரை யாரும் அதுவரை சொன்னதில்லை. மேடம் சுற்றுமுற்றும் பார்த்து, "யாரு எந்த ஊரு?" என்றார்.

"நான்தான் மேடம்," என்று முன்னால் வந்தார் எந்த ஊரு சார். கையில் அந்த நீள நோட்டு. "மொதல்ல நான் இந்தம்மாவப் புடிக்கத்தான் போனேன். பஸ்ஸு பின்னாடியே சைக்கிள் மிதிச்சு, புதர்ல ஒளிஞ்சிகினு பாத்தேன். அஞ்சு கூடைக்கும் செடி கீதான்னு எண்ணலாம்னு ஆரமிச்சேன். நாப்பது நாளா எண்ணறேன். பதினோரு வூடு. எத்தினி செடி, எத்தினி பறிச்சாங்க, எத்தினி இங்க வந்துச்சு, அல்லாம் இதுல கீது. ஒரு காய் வெளியூரு இல்ல."

"இவர் எழுதினா ஆச்சா?" என்றார் மண்டிக்காரர். "ஆபீஸ்ல குந்திகினு நான் கூட எழுதுவேன். எவன் போய் எண்ணப் போறான்?"

"நான்," என்றார் மேடம். எங்கள் சாரையும் கன்னியம்மாவையும் மண்டிக்காரரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். நோட்டைத் தூக்குகிற சாக்கில் நானும் தொற்றிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் முதல் குடிசை. பின்னால் வேலி கட்டின சின்னக் கொல்லை. நோட்டில் பார்த்தால், கத்தரி நாற்பத்து மூன்று. மேடம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாக எண்ணினார்.

"நாப்பத்தி ரெண்டு," என்றார்.

மறுபடியும் எண்ணினார். நாற்பத்து இரண்டுதான். மண்டிக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கன்னியம்மாவின் கை கழுத்துக்குப் போயிற்று. போச்சு, ஒரே ஒரு செடியில் பதினோரு குடும்பத்துப் பிழைப்பும் போச்சு என்று நினைத்தேன்.

எந்த ஊரு சார் அசையவில்லை. "ஓரத்துல படிங்க மேடம்," என்றார்.

நோட்டின் ஓரத்தில் பொடியெழுத்தில் எழுதியிருந்தது: 'நேற்று ஆடு தின்றது - 1. மீதி 42.'

குடிசைக்காரி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஆமா தாயி, என் ஆடுதான்! வேலியத் தாண்டிப்புடுச்சி. இந்த சாரு அதுக்கு ஆட்ட ஒரு மணி நேரம் விசாரிச்சாரு!"

மேடம் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திப் பயனில்லை. பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். அடுத்த வீட்டில் எண்ணவே இல்லை.

"பதினோரு பேரும் சேர்ந்து மகளிர் குழுன்னு எழுதிக் குடுங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குழு பேர்ல அட்டை போட வழி இருக்கு. இந்த நோட்டை மனுவோட சேர்த்துடறேன். இதைவிடப் பெரிய சாட்சி எந்த ஆபீஸ்லயும் கிடைக்காது."

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காசு வாங்கிவிட்டதாக நினைத்தேன் என்று சொல்லியே விட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், திருப்தியாகத் தலையாட்டினார்.

"நல்லதுதான்யா. நீயும் சந்தேகப்பட ஆரமிச்சிட்ட. ஆனா பாதில நிறுத்திட்ட பாரு, அதான் தப்பு. சந்தேகப்பட்டா கடைசி வரிக்கும் போய்ப் பாக்கணும்."

நாலைந்து வருடம் கழித்து ஒரு மாசி மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அதற்குள் எங்கள் பெருமாளும் மனமிரங்கி எனக்குக் கல்யாணம் நடந்திருந்தது. சந்தை முடிந்தபிறகு தராசு அறைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது எந்த ஊரு?" என்று கேட்டார். கைத்தட்டல் அடங்கச் சிறிது நேரமானது.

கடைசியாகக் கன்னியம்மா வந்தாள். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள். அவர் மடியில் அவிழ்த்துக் கொட்டினாள். உருளைக்கிழங்கு. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மொத்தமாக இரண்டு கைப்பிடி தேறும்.

அவர் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். "எந்த ஊரு?"

"நம்ம ஊருதான் சார்."

நகத்தால் கீறினார். முகர்ந்தார். "பொய் சொல்லாத கன்னியம்மா. இந்த மண்ணுல இது வராது. எங்க வாங்குன?"

அவள் கூடைக்குள் கையை விட்டு, வேரோடு பிடுங்கின ஒரு செடியை எடுத்தாள். வாடின இலை, பாலாற்று மண் ஒட்டின வேர், வேரில் இரண்டு குட்டி உருளைக்கிழங்கு விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"நீ நம்பமாட்டன்னு எனக்குத் தெரியாதா? அதான் சாட்சியும் இட்டாந்தேன். மூணு வருசமா போட்டுப் போட்டுப் பாக்கறேன் சார். மொத ரெண்டு வருசம் வெறும் தழைதான் வந்துச்சி. இந்தப் பனியிலதான் மனசு வெச்சி காச்சிது."

எந்த ஊரு சார் செடியை வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு மூடினார். ஒன்றைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

செடியை சைக்கிள் கேரியரில் படுக்கவைத்து, நசுங்காமல் கயிறு கட்டினார். மணியடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். நானும் வாட்ச்மேனும் பார்த்துக்கொண்டே நின்றோம். எனக்குக் கண் மறைத்தது. அந்த மனிதர் உருளைக்கிழங்கு தின்கிற ரகசியத்தைச் சத்தியத்தை மீறி ஊருக்குச் சொன்னது நான்தான். என் வாழ்நாளில் நான் சொன்ன கோள்களில் உருப்பட்டது அது ஒன்றுதான்.